கான்குனா, ப்ளாயாவா, துலுமா? ஃப்ரெண்ட்ஸ் கேங்கோட மெக்சிகோ பீச் டிரிப்புக்கு ஊர் செலக்ட் பண்றது எப்படி (ஸ்டெப் பை ஸ்டெப்)

"கான்குன் போறோம்டா"ன்னு சொல்லி ஃப்ளைட் டிக்கெட் போடறது ஈஸி. வாட்ஸ்ஆப் குரூப்ல பஞ்சாயத்து ஆரம்பிக்கறது அதுக்கப்புறம்தான். ஏன்னா கான்குன் ஏர்போர்ட்ல இறங்கினதும் கரீபியன் கடலை ஒட்டி தெற்கே ஒரே ஹைவே போகுது, 307னு பேரு, அதுல வரிசையா கான்குன், புவேர்ட்டோ மொரேலோஸ், ப்ளாயா டெல் கார்மென், அகுமால், துலும்னு ஊருங்க, பத்தாததுக்கு எதிர்ல கடலுக்குள்ள ஈஸ்லா முஹேரெஸ், கோசுமெல்னு ரெண்டு தீவு வேற. எந்த ஊர் ஃபோட்டோவைப் பார்த்தாலும் அதே நீலத் தண்ணி, அதே வெள்ளை மணல், அதே ஊஞ்சல். அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

எங்க கேங்ல பாதிப்பேர் டாலஸ், பாதிப்பேர் நியூ ஜெர்சி. ஊர் செலக்ட் பண்ற வேலை என் தலையில விழுந்துச்சு. ரொம்ப தோண்டி எடுத்து, போய்ப் பார்த்து, திருப்தியா வந்தப்புறம் எழுதறேன். சீப் டிக்கெட் எப்படிப் பிடிக்கறது, என்ன பேக் பண்றதெல்லாம் இதுல இல்ல, அதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு.

ஸ்டெப் 1: எல்லார் பாஸ்போர்ட்டையும் முதல்ல பாருங்க

இந்தியன் பாஸ்போர்ட்ல செல்லுபடியாகற யு.எஸ். விசா ஸ்டாம்ப் இருந்தாலோ, கிரீன் கார்டு இருந்தாலோ மெக்சிகோவுக்குத் தனியா டூரிஸ்ட் விசா வேணாம். ஆனா ஸ்டாம்ப் எக்ஸ்பையர் ஆகி, எக்ஸ்டென்ஷன் அப்ரூவல் பேப்பர் மட்டும் கையில வச்சிருக்கற எச்1பி (அமெரிக்க வேலை விசா) ஆளு ஒருத்தராவது எல்லா கேங்லயும் இருப்பாங்க. அந்த பேப்பரை வச்சு உள்ள விட மாட்டாங்க, அவங்க மெக்சிகன் கான்சுலேட்ல விசா வாங்கணும், அதுக்கு டைம் ஆகும். அதனால ஊர் பத்திப் பேசறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தரையும் விசா பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

ஸ்டெப் 2: ஊர் பேரைப் போட்டு ஓட்டெடுப்பு (poll) வைக்காதீங்க

குரூப்ல "கான்குன் / ப்ளாயா / துலும்"னு ஓட்டெடுப்பு போட்டா துலும்தான் ஜெயிக்கும். இன்ஸ்டாகிராம்ல எல்லாரும் பார்த்தது அதுதானே. அதுக்குப் பதிலா ஒவ்வொருத்தரையும் தனியா கூப்பிட்டு மூணே கேள்வி கேளுங்க. லீவுல நீ எத்தனை மணிக்குத் தூங்குவ? கடல்ல இறங்கி நீந்துவியா, இல்ல கரையில உக்காந்து பார்ப்பியா? அங்க கார் ஓட்ட ரெடியா? பதிலை ஒரு கூகுள் ஷீட்ல போட்டு வைங்க.

குரூப்ல கேட்டா எல்லாரும் "எனக்கு எதுனாலும் ஓகே மச்சான்"னுதான் சொல்வாங்க. தனியா கேட்டாதான் ஒருத்தனுக்கு நீச்சல் தெரியாது, ஒருத்திக்கு பத்து மணிக்கு மேல கண்ணு சொருகிடும், ரெண்டு பேருக்கு விடிய விடிய டான்ஸ் ஆடணும்னு வெளிய வரும்.

ஸ்டெப் 3: ராத்திரி ரூமுக்கு எப்படித் திரும்புவீங்க?

இந்த ஸ்டெப்லதான் நான் நிறைய நேரம் செலவு பண்ணேன், நீங்களும் இதுலதான் பண்ணணும். பகல்ல எல்லாரும் ஒண்ணாதான் சுத்துவீங்க, எந்த ஊரா இருந்தாலும் சமாளிச்சுடலாம். சாப்பிட்டு முடிச்சு ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் கேங் ரெண்டாப் பிரியும். பாதிப்பேருக்குத் தூக்கம், பாதிப்பேருக்கு மியூசிக். அந்த நேரத்துல யாரும் யாருக்காகவும் காத்திருக்காம அவங்கவங்க நடந்தே ரூமுக்கு வர முடிஞ்சா அந்த ஊர் உங்களுக்கு செட் ஆகும். ஒவ்வொரு தடவையும் டாக்ஸி பேரம் பேசணும்னா மூணாவது நாள் முகத்தைத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருப்பாங்க.

இதை மேப்ல செக் பண்றது எப்படின்னா, கூகுள் மேப்ஸ்ல நீங்க பார்த்து வச்ச ஹோட்டலையும், ராத்திரி போகப்போற தெருவையும் போட்டு, கார் ஐகானைத் தொடாம நடக்கற ஆள் ஐகானை அமுக்குங்க. 15 நிமிஷத்துக்குள்ள வந்தா நல்லது. 40 நிமிஷம் காட்டினா அந்த ஹோட்டல் வேணாம்.

துலும்ல இப்படிப் போட்டுப் பார்த்தா விஷயம் புரிஞ்சிடும். துலும்னு ஒரே பேர்ல ரெண்டு இடம் இருக்கு. டவுன் ஹைவே மேலயே இருக்கு, டாக்கோ கடை, சூப்பர் மார்க்கெட், பஜட் ரூம் எல்லாம் அங்கதான். பீச் ஹோட்டல் இருக்கற ரோடு அங்கேருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கடலை ஒட்டி தெற்கே சியான் கான் காடு வரைக்கும் நீளமா போகுது, குறுகின ரோடு, சாயங்காலம் ஆனா ஊர்ந்துதான் போகணும். "துலும்ல சீப்பா ரூம் கிடைச்சிருச்சு"ன்னு யாராவது லிங்க் அனுப்பினா அது டவுன்ல இருக்கும், கடல் கண்ணுக்கே தெரியாது. பீச் ரோட்ல ரூம் எடுத்தா விலை எக்கச்சக்கம். டாக்ஸில மீட்டர் கிடையாது, ராத்திரி அவங்க சொல்றதுதான் ரேட்டு. ஜோடியா போறவங்க ஒரே ஹோட்டல்ல இருந்துட்டு வர துலும் ரொம்ப அழகான இடம், அதுல சந்தேகமே இல்ல. ஆறேழு பேர் கேங்குக்கு நான் சொல்ல மாட்டேன்.

கான்குன் ஹோட்டல் சோன் கடலுக்கும் நிச்சுப்தே ஏரிக்கும் நடுவுல 7 ஷேப்ல இருபது கிலோமீட்டருக்கு மேல நீளற மணல் திட்டு. 1970கள்ல கவர்ன்மென்ட் பிளான் போட்டுக் கட்டின ஊர், முதல் ஹோட்டல்கள் திறந்தது 1974ல. 7ஓட மேல் கோட்டுல, வடக்கு பார்த்த பீச்ல, அலை கம்மி. நீச்சல் தெரியாதவங்க இருந்தா அந்தப் பக்கம் ரூம் எடுங்க. நீளமான கோடு கிழக்கு பார்த்தது, பார்க்க பிரமாதமா இருக்கும், ஆனா அலையும் இழுப்பும் ஜாஸ்தி. ரோடு ஒண்ணே ஒண்ணுதான், ஆர்-1, ஆர்-2 பஸ் ராத்திரி லேட்டாவும் ஓடும், டாக்ஸியை நம்பி இருக்க வேணாம்.

புவேர்ட்டோ மொரேலோஸ் அமைதியான மீனவ ஊர், கரையிலேருந்து கொஞ்ச தூரத்துலயே பவளப்பாறை, அது நேஷனல் பார்க். 1967 பியூலா புயல்ல சாஞ்ச கலங்கரை விளக்கம் இன்னும் அப்படியே சாஞ்சு நிக்குது. ராத்திரி சீக்கிரமே ஊர் அடங்கிடும். உங்க ஷீட்ல எல்லாருமே பத்து மணிக்கே தூங்கறவங்கன்னா யோசிக்காம இங்க போங்க.

ப்ளாயா டெல் கார்மென்தான் என் ஓட்டு. இங்க பீச் மத்த ஊரை விட சுமார்தான், மண் அரிப்புல சில இடத்துல ஒடுங்கிப்போச்சு. ஆனா ஊர் கட்டம் போட்ட மாதிரி இருக்கும், வழி தவறவே முடியாது. கடலுக்கு இணையா போற அவென்யூக்கள் 5, 10, 15, 20னு அஞ்சஞ்சா ஏறும், குறுக்குத் தெருக்கள் வடக்கே 2, 4, 6, 8னு ரெட்டைப்படையில ஏறும். ஃபிஃப்த் அவென்யூல வண்டி கிடையாது, நடக்கறவங்களுக்கு மட்டும். பாரு, டான்ஸ் கிளப் எல்லாம் 12ஆம் தெருவைச் சுத்தி. அதனால 12ஆம் தெரு பக்கம் ரூம் எடுக்காதீங்க, தூங்கறவங்க பாவம். 20லேருந்து 38ஆம் தெருவுக்குள்ள, 5க்கும் 15ஆம் அவென்யூக்கும் நடுவுல எடுங்க. ஆடறவங்க ஆடிட்டு நடந்து வருவாங்க, தூங்கறவங்க நிம்மதியா தூங்குவாங்க, காலைல எல்லாரும் சேர்ந்து கடலுக்குப் போகலாம்.

ஸ்டெப் 4: சர்காசம் பார்த்துட்டு மாசத்தை முடிவு பண்ணுங்க

சர்காசம்னா பழுப்புக் கடல்பாசி. 2011லேருந்து அட்லான்டிக்ல பெரிய அளவுல வளர்ந்து கரீபியன் கரைக்கு வந்து ஒதுங்குது. ஏப்ரல்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஜாஸ்தி, ஆனா வருஷத்துக்கு வருஷம் மாறும். வந்த நாள்ல கரை எப்படி இருக்கும்னா, விடியக்காலையிலேயே டிராக்டர் ஓடிட்டிருக்கும், ஆளுங்க கவைக்கம்பியால அள்ளி அள்ளி தள்ளுவண்டில போடுவாங்க, அவங்க அள்ளின இடத்துலயே அடுத்த அலை இன்னொரு குவியலைக் கொண்டு வந்து போடும். முழங்கால் அளவு தண்ணி டீ கலர்ல இருக்கும், தாண்டிப் போனாதான் நீலம். வெயில் ஏற ஏற அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாடை வரும், கெமிஸ்ட்ரி லேப்ல மூக்கைப் பொத்தினோமே அதே வாடை.

கிழக்கு பார்த்த பீச் எல்லாத்துலயும் இது வரும், துலும், ப்ளாயா, கான்குனோட நீளக்கோடு எதுவும் விதிவிலக்கு இல்ல. ஈஸ்லா முஹேரெஸ் தீவோட வடக்கு பீச்சான ப்ளாயா நோர்ட்டேயும் கோசுமெலோட மேற்குக் கரையும் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். சவுத் ஃப்ளோரிடா யுனிவர்சிட்டி மாசா மாசம் சாட்டிலைட் படத்தோட ரிப்போர்ட் போடறாங்க, புக் பண்றதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. கிளம்பற வாரம் பீச் வெப்கேம் பாருங்க. ஹோட்டல் வெப்சைட் ஃபோட்டோவை இதுக்கு நம்பாதீங்க. பாசி சீசன்லதான் லீவு கிடைக்குதுன்னா ப்ளாயாவுலயே தங்கி கோசுமெல் ஃபெர்ரி பிடிங்க, முக்கால் மணி நேரம்தான், ஃபெர்ரி துறையும் டவுனுக்குள்ளயே இருக்கு. நான் ப்ளாயாவுக்கு ஓட்டு போடறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

டிசம்பர்லேருந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும் வானிலை சூப்பர், விலையும் சூப்பரா ஏறி இருக்கும். மார்ச்ல அமெரிக்க காலேஜ் பசங்க ஸ்பிரிங் பிரேக் கூட்டம் கான்குன்ல. ஜூன்லேருந்து நவம்பர் புயல் சீசன், ரத்து பண்ண முடியற ரூமா மட்டும் எடுங்க.

ஸ்டெப் 5: கார் எடுக்கணுமா?

ப்ளாயா, கான்குன்னா வேணாம். ஏர்போர்ட்லேருந்து ஏடிஓங்கற கம்பெனியோட பஸ் நேரா ப்ளாயா டவுனுக்குள்ள இறக்கி விடும், ஏசி, லக்கேஜுக்கு டோக்கன் எல்லாம் உண்டு, ஒரு மணி நேரம். கஸ்டம்ஸ் தாண்டினதும் ஒரு ஹால் வரும், யூனிஃபார்ம், பேட்ஜ் எல்லாம் போட்டுட்டு "டாக்ஸி புக் பண்ணிருக்கீங்களா சார்"னு கூப்பிடுவாங்க, பெரும்பாலும் டைம்ஷேர் (வருஷத்துல சில நாள் ரிசார்ட்ல தங்கற உரிமை) விக்கறவங்க. யார்கிட்டயும் நிக்காம வெளிய திறந்தவெளிக்கு வந்துட்டு அப்புறம் பஸ் கவுன்டரைத் தேடுங்க.

ஊர் விட்டு ஊர் போக கொலெக்டிவோன்னு வெள்ளை வேன் ஓடுது, நம்ம ஊர் ஷேர் ஆட்டோ கணக்குதான், ஆள் ரொம்பினா கிளம்பும், ஹைவேல கை காட்டினா நிக்கும். இறங்கும்போது டிரைவர்கிட்ட பெசோல (மெக்சிகோ கரன்சி) காசு, சில்லறையா வச்சுக்கோங்க. ப்ளாயாலேருந்து துலும் ரூயின்ஸ் (பழைய மாயன் கோட்டை இடிபாடு), அகுமால் ஆமை, வழியில இருக்கற செனோட்டே (சுண்ணாம்புப் பாறை இடிஞ்சு உண்டான நன்னீர்க் குளம், தண்ணி சில்லுன்னு கண்ணாடியா இருக்கும்) எல்லாம் இதுலயே முடிச்சுடலாம். செனோட்டேல இறங்கறதுக்கு முன்னாடி ஷவர்ல குளிக்கச் சொல்வாங்க, சன்ஸ்கிரீன் தண்ணில கலக்கக் கூடாது. தயவுசெஞ்சு அதை மதிங்க.

கார் எடுத்தே ஆகணும்னா ஒண்ணு கவனிங்க. ஆன்லைன்ல காட்டற வாடகையில தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பெரும்பாலும் சேர்ந்திருக்காது, மெக்சிகோவுல அது கட்டாயம். நம்ம அமெரிக்க கிரெடிட் கார்டு கவர் கார் டேமேஜுக்குத்தான் ஆகும், இதுக்கு ஆகாது. இன்சூரன்ஸோட மொத்த விலை எவ்வளவுன்னு ஈமெயில்ல எழுதி வாங்கிட்டு புக் பண்ணுங்க. ரோட்ல டோப்பேன்னு ஸ்பீட் பிரேக்கர், போர்டு பெயின்ட் எதுவும் இல்லாம திடீர்னு வரும், இருட்டினப்புறம் ஓட்டாதீங்க.

ஸ்டெப் 6: ரூம், காசு, சாப்பாடு

ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட் (ரூம், சாப்பாடு, குடி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே விலை) கேங்குக்கு வேணாம்னு நான் கறாரா சொல்வேன். குடிக்காதவங்களும் வெஜிடேரியனும் மத்தவங்க செலவைச் சேர்த்துக் கட்டற மாதிரி ஆயிடும், அப்புறம் காசு கொடுத்தாச்சேன்னு ரிசார்ட்டை விட்டு யாரும் வெளிய வரவும் மாட்டாங்க. கிச்சன் இருக்கற அபார்ட்மென்ட் எடுங்க, கணக்குக்கு செலவைப் பிரிக்கற ஸ்பிளிட்வைஸ் ஆப் போதும். கார்டு மெஷின், ஏடிஎம் ரெண்டும் "டாலர்ல மாத்தி எடுக்கவா"ன்னு கேட்கும், வேணாம்னு அமுக்குங்க, பெசோலயே போகட்டும், உங்க பேங்க் ரேட் அதைவிட நல்லா இருக்கும்.

வெஜிடேரியன் ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு வார்த்தை. பீன்ஸ் மசியல் பார்க்க சைவமாத்தான் இருக்கும், நிறைய இடத்துல பன்றிக் கொழுப்புல வதக்குவாங்க. "சின் மாந்தேக்கா?"ன்னு கேட்டுட்டு சாப்பிடுங்க. சாயங்காலம் தெருவுல மார்கேசிட்டா வண்டி வரும், மெல்லிசா மொறுமொறுன்னு தோசை மாதிரி ஒண்ணைச் சுருட்டி உள்ள துருவின சீஸ் வச்சுத் தருவாங்க, சாக்லேட்டும் சேர்த்துக் கேளுங்க. ஹபனேரோ மிளகாய் சட்னியை முதல்ல நுனி ஸ்பூன்ல தொட்டுப் பாருங்க, நம்ம நாக்குக்கே சுருக்குன்னு ஏறும்.

அப்டேட்: டைம் பத்தி ஒருத்தர் எழுதியிருந்தாங்க, நல்ல பாயின்ட். இந்த ஊருங்க எல்லாம் கின்டானா ரோ மாநிலத்துல வருது, 2015லேருந்து இங்க வருஷம் முழுக்க டைமை மாத்தறதே இல்ல, இப்போ மெக்சிகோ சிட்டியை விட ஒரு மணி நேரம் முன்னாடி. ஃபோன்ல "மெக்சிகோ சிட்டி டைம்"னு கையால செட் பண்ணினா ஃபெர்ரி போயிடும். ஆட்டோமேட்டிக்லயே விடுங்க. டாலஸ் ஆளுங்களுக்கு கோடையில நேர வித்தியாசம் இல்ல, குளிர்காலத்துல ஒரு மணி நேரம் உண்டு.

இன்னொரு அப்டேட்: துலும்லயே ஏர்போர்ட் வந்துருச்சே, அப்போ துலும் ஈஸிதானேன்னு கேட்டிருந்தாங்க. 2023 டிசம்பர்ல திறந்தாங்க, உண்மைதான். ஆனா அது ஊருக்குள்ள இல்ல, தள்ளி காட்டுப்பக்கம் இருக்கு, அங்கேருந்தும் பஸ்ஸோ வண்டியோ பிடிச்சுத்தான் டவுனுக்கு வரணும். கான்குன் அளவுக்கு ஃப்ளைட்டும் கிடையாது, ரெண்டு ஊர்லேருந்து வர்ற கேங் ஒரே நேரத்துல இறங்கறது கஷ்டம். எல்லாரும் ஒரே ஊர்லேருந்து கிளம்பறீங்க, பீச் ரோட்லயே ரூம் எடுக்க பட்ஜெட்டும் இருக்குன்னா அதுல போங்க.