கட்டுரையின் பின்பாதி எங்கே போனது?

நீளமான கட்டுரையைத் தரவுத்தளத்தில் போட்டாயிற்று. திரையில் பார்த்தால் பாதி வாக்கியத்தில் நிற்கிறது. சில சமயம் கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. பிஎச்பி மொழியில் எழுதிய நிரல், ஓடிபிசி டிரைவர் என்ற இணைப்பு மென்பொருள் வழியாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை எட்டும் பழைய தளங்களில் வருகிற தொல்லை இது.

எதையும் தொடுமுன் ஒன்று: திருத்தும் பக்கத்தைத் திறந்து ‘சேமி’யை அழுத்திவிடாதீர்கள். உள்ளே முழு உரை பத்திரமாக இருந்தாலும், வெட்டுப்பட்டு வந்தது அதன் மேலேயே ஏறிவிடும். ஒரேயொரு ஒற்றுப்பிழையைத் திருத்தப் போய், கட்டுரையின் பின்பாதியையே தொலைத்தவன் நான்.

படி 1: தரவுத்தளத்திலேயே அளந்து பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் ‘லெங்த்’ என்று கேட்டால் உரையின் நீளம் பைட் (கணினி நினைவகத்தின் சிறு அலகு) கணக்கில் வரும். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘கி’ நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கோ க தனி, இகரக் குறி தனி, ஆக 6 பைட். ஆங்கிலத்தில் சோதித்தபோது சரியாக இருந்தது தமிழில் உடைவது இதனால்தான்.

படி 2: அதே உரையை பிஎச்பியில், பைட் எண்ணும் ‘எஸ்டிஆர்லென்’ போட்டு அளங்கள். எண் குறைந்தால், தரவுத்தளத்திலிருந்து பிஎச்பிக்கு வரும் வழியில் வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றேயானால், சேமிக்கும்போதே போய்விட்டது.

படி 3: பிஎச்பியில் 4096 வந்ததா? அது பிஎச்பியின் ஓடிபிசி பகுதி தானாக வைத்துக்கொள்ளும் வரம்பு. 4096ஐ 3ஆல் வகுத்தால் 1 மிஞ்சும். அந்த அரைகுறை எழுத்துதான் கேள்விக்குறி ஆகிறது. பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயில் ‘ஓடிபிசி.டிஃபால்ட்எல்ஆர்எல்’ வரியில் எண்ணைக் கூட்டிவிட்டு சர்வரை மறுபடி தொடங்குங்கள். 0 மட்டும் வேண்டாம். அது உரையை நிரலின் மாறிக்குள் தராமல் நேரே வெளியே கொட்டிவிடும்.

படி 4: தரவுத்தளத்துக்குள்ளேயே 65,535ஐ ஒட்டி நிற்கிறதா? அது ‘டெக்ஸ்ட்’ என்ற தரவு வகையின் எல்லை. ‘மீடியம்டெக்ஸ்ட்’ ஆக்கினால் 1,67,77,215 பைட் வரை கொள்ளும். அளவு மீறிய தரவை ஏற்க மறுக்கும் ‘ஸ்டிரிக்ட்’ முறை அணைந்திருந்தால் மைஎஸ்கியூஎல் வெறும் எச்சரிக்கையோடு வெட்டிவிடும், அதையும் இயக்கி வையுங்கள். போன உரை திரும்பாது, காப்புநகலில்தான் தேட வேண்டும்.

அப்புறம், சோதனைக்கென்று தரவுத்தள அட்டவணையில் ஒரு புது வரிசையில் ‘அ’வை 5000 தடவை போட்டு இரண்டு பக்கமும் அளங்கள். இரண்டிலும் 15,000 வந்தால் சரி, திருத்தும் பக்கத்தைத் திறக்கலாம்.