கிராம சபைக்கு மொதல் தடவ போறீங்களா? நான் பண்ண தப்ப பண்ணாதீங்க

போன கிராம சபைக்கு எங்க ஊர்ல காலேஜ் பசங்க ஒரு பன்னெண்டு பேர் இளைஞர் குழுன்னு சேந்து வந்திருந்தாங்க, பாக்கவே சந்தோஷமா இருந்துச்சு, ஆனா வந்த பத்தாவது நிமிஷமே நான் 2022ல பண்ண அதே கூத்த வரிசையா பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. லேட்டா வர்றது, மைக்க புடுங்கி கத்துறது இதெல்லாம் நான் சொல்ல வரல, ரெண்டு கூட்டம் போனா தானா அடங்கிடும்.

ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பாக்காம போறது

ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்க கிராம சபை உறுப்பினர், யாரும் தனியா சேத்து விட வேணாம். வார்டு மெம்பருக்கு நிக்கத்தான் 21 வயசு. கேள்வி கேக்க 18 போதும்.

எழுதாத தீர்மானத்துக்கு கையெழுத்து போடுறது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத கடுப்பு. அந்த 2022 மே 1 அன்னைக்கு பந்தல்ல நுழையும்போதே நீள நோட்டு ஒன்னு, நூல்ல கட்டின பேனா, "கையெழுத்து போட்டுட்டு டீ சாப்பிடுங்க தம்பி"ன்னு அன்பா ஒரு குரல். போட்டோம். மேல பாதி பக்கம் வெள்ளையா கெடந்தத யாரும் கவனிக்கல. கோரம்னு ஒன்னு இருக்குல்ல, கூட்டம் செல்லணும்னா கொறஞ்சது இத்தன பேர் வந்திருக்கணும்னு ஒரு கணக்கு, 500 பேர் வரைக்கும் உள்ள ஊருக்கு 50 பேர், 3000 வரைக்கும் 100, 10000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300, அதனால கூட்டம் நடத்துறவங்களுக்கு கையெழுத்து எண்ணிக்கைதான் அவசரம். நாங்க அரை மணி நேரம் கிழக்குத் தெருவுக்கு குடிதண்ணி பைப்லைன் வேணும்னு பேசினோம், கை தட்டுனாங்க, ஊராட்சி செயலர் தலைய ஆட்டுனாரு, காராபூந்தி தின்னுட்டு ஜெயிச்ச மாதிரி வீட்டுக்கு வந்தோம்.

ரெண்டு மாசம் கழிச்சு பிடிஓ ஆபீஸ்ல, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலகத்துல போய் கேட்டா, அப்படி ஒரு தீர்மானமே வரலையேன்னாங்க. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, போட்டு தீர்மான நகல் வாங்கினேன். பைப்லைன் பத்தி ஒரே ஒரு வரி, "கோரிக்கை வைக்கப்பட்டது"ன்னு. அதுக்கு மேல ஏற்கனவே ரோடு இருக்குற தெருவுக்கு புதுசா சிமெண்ட் ரோடு போட ஏகமனதா ஒப்புதல், கீழ 41வது கையெழுத்து என்னோடது! புகார் குடுக்கப் போனா "நீங்களே ஒத்துக்கிட்டு போட்டிருக்கீங்களே தம்பி"ங்குறாங்க, என்னத்த சொல்ல.

அதனால தீர்மானத்த எழுதி, சத்தமா வாசிச்சு, கடைசி வரிக்கு கீழ இடைவெளி இல்லாம கோடு போட்ட பிறகு கையெழுத்து போடுங்க. வருகைக்கு மொதல்லயே போட்டாகணும்னு அடம் புடிச்சா பேர் பக்கத்துல "வருகைக்கு மட்டும்"னு எழுதிப் போடுங்க, மூஞ்சி மாறும், மாறட்டும். அப்புறம் அந்த வார்த்தை. "கோரிக்கை வைக்கப்பட்டது", "பரிசீலிக்கலாம்" இதெல்லாம் தூங்கப் போட்ட பாட்டு, "செய்வதென தீர்மானிக்கப்பட்டது"ன்னு இருந்தாத்தான் அடுத்த ஆபீஸ்ல அத வச்சு சண்டை போட முடியும். என்ன வேணுங்கிறத முன்னாடியே மனுவா ரெண்டு காப்பி எழுதிட்டு போய், ஒன்ன குடுத்துட்டு இன்னொன்னுல பெற்றுக்கொண்டேன்னு தேதியோட வாங்கிடுங்க. மேலிடத்துல இருந்து பற்றாளர்னு ஒருத்தர் கூட்டத்த பாக்க வந்திருப்பாரு, ஓரமா நாற்காலில உக்காந்திருப்பாரு, அவர்கிட்டயும் ஒரு காப்பி.

போன தடவ அந்தப் பசங்க வரிசையா நோட்டுக்கு குனிஞ்சப்ப நான் பந்தலுக்கு வெளியில இருந்து கத்துனதுல ஏழு பேர் தப்பிச்சாங்க. அஞ்சு பேர் போட்டுட்டாங்க.

ரீல்ஸ்

ஃபோன பாக்கெட்ல வைங்க. தீர்மானப் பக்கத்த போட்டோ எடுக்க மட்டும் வெளிய எடுங்க.

உலகத்தையே பஞ்சாயத்துகிட்ட கேக்குறது

பசங்க நீட், ஹைவேஸ் பாலம், பஸ் ரூட்னு ஆரம்பிச்சாங்க. தீர்மானம் போட்டு மேல அனுப்பலாம், தப்பில்ல. ஆனா 1994 ஊராட்சிகள் சட்டத்துல 110வது பிரிவ எடுத்துப் பாருங்க, ஊர் ரோடு, தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணி, சுடுகாடு இதெல்லாம் ஊராட்சி செஞ்சே ஆகணும்னு இருக்கு. எரியாத விளக்குக்கு கம்பம் நம்பரோட கேட்டா தப்பிக்க வழியில்ல. வரவு செலவையும் அன்னைக்கே கேளுங்க, படிக்கச் சொல்லுங்க.

கட்சிக்கரை வேட்டி

வேணாம்.

பொம்பளைங்கள விட்டுட்டு போறது

உள்ளாட்சியில பாதி சீட்டு பெண்களுக்குன்னு 2016லயே சட்டம் வந்தாச்சு, நம்ம இளைஞர் குழுல மட்டும் பன்னெண்டும் ஆம்பளைப் பசங்க. அந்தப் பைப்லைன் மேட்டர நாங்க மறுபடி எடுத்தப்ப கூட வந்தது கிழக்குத் தெரு அக்கா ஒருத்தங்க. எந்த வால்வ எத்தன மணிக்கு தொறக்குறாங்க, எந்த வீட்டோட குடம் நிறையாதுன்னு நாள்வாரியா காலண்டர் தாள் பின்னாடி எழுதி வச்சிருந்தாங்க. செயலர் வழக்கம் போல தலைய ஆட்டுனாரு. அக்கா நகரவே இல்ல, "எழுதுங்க சார், நான் நிக்கிறேன்"னுட்டாங்க.