குடல் பரிசோதனை முடிந்து வீடு திரும்பிய பின் நேரும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து, கேமராக் குழாயை உள்ளே விட்டுக் குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்காக ஈப்போவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அன்று மாலையே வீடு திரும்பிவிடுகிறார்கள். குழாய் உள்ளே போய் வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. அதை நோயாளிகள் மட்டுமல்ல, பரிசோதனைப் பிரிவுகளும் செய்கின்றன.

என் பெரியப்பாவுக்குப் பெருங்குடலில் இருந்த ஒரு சதைவளர்ச்சியை அகற்றினார்கள். ஆறாம் நாள், செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்தவர், லயத்துப் படியில் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார். மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அருகிலிருந்த கிளினிக்கில் அவர் நீட்டிய சீட்டில் அடுத்த சந்திப்புத் தேதி மட்டுமே இருந்தது. எதை வெட்டினார்கள், எவ்வளவு பெரியது, எந்த இடத்தில் என்று ஒரு வரிகூட இல்லாததால் முதலில் மூலம் என்றே கருதினார்கள். பிறகு வேறொரு மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றினோம். ஆனால் சதையை அகற்றிய மருத்துவமனைக்கு அந்தச் செய்தி போகவே இல்லை. அவர்கள் கணக்கில் அவர் இன்றும் சிக்கலின்றி வீடு சென்றவர்தான்.

சதைவளர்ச்சியை அகற்றிய புண்ணிலிருந்து இரண்டு வாரம் கழித்துக்கூட ரத்தம் கசியலாம். ஆகவே அன்றைய பதிவேட்டை மட்டும் பார்த்துச் சிக்கல்களை எண்ணுவது பொருளற்றது. 30 நாள் வரை தொலைபேசியில் விசாரித்து, எங்கேனும் மீண்டும் சேர்க்கப்பட்டார்களா என்று எழுதி வைக்கும் பிரிவைத்தான் நான் நம்புவேன். சாதாரணக் குடல் பரிசோதனையில் குடல் துளைபடுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவு. ஆண்டுக்கு முந்நூறு பேரைப் பார்க்கும் பிரிவில் ஓராண்டு ஒன்றுமே நடக்கவில்லை என்பதால் மட்டும் தரம் நிரூபணமாகிவிடாது.

தரத்தை அளக்க வேறு கணக்குகள் வேண்டும். குழாய் பெருங்குடலின் கடைசி முனை வரை சென்றதா, வெளியே இழுக்கும்போது எத்தனை நிமிடம் நிதானமாகப் பார்த்தார்கள், எத்தனை பேரிடம் அடினோமா என்ற புற்றுநோய்க்கு முந்தைய வளர்ச்சி கண்டுபிடிக்கப்பட்டது ஆகியவற்றை மருத்துவர்வாரியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்க வழிகாட்டிகள் 2015இல் இந்தக் கண்டுபிடிப்பு குறைந்தது 25 விழுக்காடு இருக்க வேண்டும் என்றன; 2024இல் அதை 35 ஆக உயர்த்தின. அவசரமாகப் பார்ப்பவரின் கண்ணுக்குத் தப்பும் வளர்ச்சி எந்தச் சிக்கல் பட்டியலிலும் வராது என்பதே எனக்குப் பெரிய கவலை.

குடல் சுத்தமாக இல்லாவிட்டால் எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை. பேதி மருந்தில் பாதியை முதல் நாள் இரவும் மீதியைப் பரிசோதனை நாள் அதிகாலையும் குடிப்பதே நல்ல முறை; விடியுமுன் வேன் ஏற வேண்டியவர்களோ வழியில் கழிப்பறைக்கு அஞ்சி இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். தொலைவிலிருந்து வருவோருக்குப் பிற்பகல் நேரம் ஒதுக்கினால் இது பெருமளவு தீரும். தாகத்துக்குச் சிவப்புச் சிராப் தண்ணீர் குடிப்பதும் தவறு, ஏனெனில் குடலுக்குள் அது ரத்தம் போலவே தெரியும்.

ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மயக்க மருந்து வாங்கியவர் தெளிவாகப் பேசினாலும் 24 மணி நேரத்துக்கு மோட்டார் ஓட்டக் கூடாது. அந்த நிலையில் அவரிடம் சொல்லும் அறிவுரை மனதில் தங்காது என்பதால், தாதியர் அதை உடன் வந்தவரிடம், அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, எழுத்திலும் கொடுக்க வேண்டும். வயிறு கல்போல் இறுகி வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், மலம் கறுத்தாலோ ரத்தமாகப் போனாலோ, அடுத்த சந்திப்புக்காகக் காத்திராமல் அந்தச் சீட்டோடு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் 999ஐ அழைக்க வேண்டும்.