சென்னையில் டிக்கெட் இல்லாமல் சுற்ற: கடிகாரம் தெரிந்தால் போதும்

வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் சென்னைப் பயணம் பெரும்பாலும் தி.நகர் துணிக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் முகம் சுளித்தால் ஏதாவதொரு மாலுக்கு அழைத்துப் போகிறார்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் இல்லாத மாலா? இந்த ஊரில் பார்க்க வேண்டிய பல இடங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. நேரம் தவறினால்தான் வம்பு. நண்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும், கடற்கரை மணல் காலைச் சுடும். ஊர் வந்த முதல் சில நாள் விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுமே, அதை வீணாக்காதீர்கள்.

அந்த விழிப்போடு நேராக மெரினாவுக்குப் போங்கள். வங்கக்கடலில் சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு, காமராஜர் சாலை ஓரமாக நடக்கலாம். உழைப்பாளர் சிலையைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். அதைத் தாண்டியும் நடங்கள். 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது இந்தச் சாலையில் சிலைகளை வரிசையாக நிறுவினார்கள்: வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. இவர்களோடு வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு.போப் என்று மூன்று ஐரோப்பியர்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போக அடம்பிடிக்கும் பிள்ளைக்கு, கடல் தாண்டி வந்து தமிழ் படித்த இந்த மூவரைக் காட்டுங்கள்; அறிவுரை சொல்ல வேண்டியிருக்காது. சிலம்பை ஓங்கி நிற்கும் கண்ணகியை 2001-இல் அகற்றி, 2006-இல் திரும்ப வைத்தார்கள். அந்தக் கதையை உங்கள் சித்தப்பாவிடம் கேட்டால் ஒரு மணி நேரம் அரசியல் பேசுவார். கடலில் மட்டும் இறங்கிக் குளிக்காதீர்கள், இழுப்பு பொல்லாதது. கலைஞர் நினைவிடத்தின் கீழே இருக்கும் ‘கலைஞர் உலகம்’ அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

பழைய சென்னைக்கும் காலைதான் சரி. ஜார்ஜ் கோட்டைக்குள் அடையாள அட்டையோடு போங்கள், வாசலில் சோதனை இருக்கும். உள்ளே 1680-இல் திறந்த புனித மேரி தேவாலயம். ராபர்ட் கிளைவ் 1753-இல் கல்யாணம் செய்துகொண்டது இங்கேதான். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலின் கல்யாணமும் இங்கேதான். பக்கத்திலிருக்கும் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு.

அங்கிருந்து அரண்மனைக்காரத் தெரு பக்கம் போனால் ஆர்மேனியர் தேவாலயம். சத்தமும் நெரிசலுமான பாரிமுனையில் இப்படியொரு முற்றமா என்று தோன்றும். பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கே அடக்கமாகியிருக்கிறார். உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-இல் சென்னையில்தான் வெளிவந்தது, நடத்தியவர் இவர். சொந்த நாட்டில் அல்ல, புலம்பெயர்ந்த ஊரில்! பாரிஸிலும் ஸ்கார்பரோவிலும் தமிழ்ப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். பகலிலேயே பூட்டிவிடுவார்கள், மாலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

உச்சி வெயிலுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம், கோட்டூர்புரம். ஏசி, சுத்தமான கழிப்பறை, உட்கார இடம், எல்லாம் இலவசம். குழந்தைகள் பிரிவில் நடுவே ஒரு செயற்கை மரம், அதைச் சுற்றிப் படக்கதைப் புத்தகங்கள். பெரியவர்கள் தமிழ்ப் புத்தகப் பிரிவில் நுழைந்தால் வெளியே இழுத்து வருவதுதான் கஷ்டம்.

மாலை நாலு மணிக்கு மேல் மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயிலில் பொது தரிசனத்துக்குக் காசு வேண்டாம். சிறப்பு வரிசைச் சீட்டு வாங்கச் சொல்லி உடன்வரும் உறவினர் அவசரப்படுத்துவார், சாதாரண நாளில் அது தேவையே இல்லை. வெளிச்சுற்றில் புன்னை மரத்தடிச் சன்னதியைத் தவறவிடாதீர்கள். அம்பாள் மயிலாக வந்து பூசை செய்த கதை அங்கே சிற்பமாக இருக்கிறது. பிறகு தெப்பக்குளக்கரை, மாட வீதிகள். இங்கே காசு தப்புவது கடினம்தான். நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மை, கப்பலேற்றும் ஆசை வரும்.

மார்கழியில் வருபவர்களுக்கு யோகம். இரவுக் கச்சேரிகளுக்கு டிக்கெட் விலை எகிறும். காலையிலும் பிற்பகலிலும் இளம் பாடகர்கள் பாடும் நேரத்துக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. என் கணக்கில் அதுதான் நல்ல நேரம். நாளை பெரிய பெயராகப் போகிறவரை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். பொங்கலை ஒட்டி நடக்கும் ‘சென்னை சங்கமம்’ விழாவில் பறையும் கரகாட்டமும் பூங்காக்களுக்கே வரும், அதற்கும் கட்டணம் இல்லை.

போக்குவரத்துக்குப் பறக்கும் ரயிலைப் பிடியுங்கள். கடற்கரை, கோட்டை, சேப்பாக்கம், கலங்கரை விளக்கம், திருமயிலை, கோட்டூர்புரம் என்று மேலே சொன்ன எல்லாம் அந்த ஒரே தடத்தில். சில ரூபாய்தான். இரவில் சில நிலையங்கள் வெறிச்சோடிக் கிடக்கும், அப்போது வேண்டாம். முகப்பில் பிங்க் அடித்த மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லாப் பயணம். கண்டக்டர் தரும் சீட்டை மட்டும் கிழியாமல் வைத்திருங்கள்.

மாமல்லபுரம் வரை போனால் பாஸ்போர்ட் கவனம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியர் கட்டணம்தான், அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வாசலில் வாதாடாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் இந்தியர் கட்டணமே. கனடா, பிரான்ஸ் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. அர்ச்சுனன் தபசு சாலையோரம், நின்று பார்க்க யாருக்கும் காசில்லை. ஏப்ரல் 18, நவம்பர் 19 ஆகிய நாட்களில் தொல்லியல் துறையின் இடங்கள் எல்லோருக்கும் இலவசம். பயணத் தேதி கையில் இருந்தால் அதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.