கைமாறிய துப்பாக்கியும் உற்பத்தியாளரின் உத்தரவாதமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி வாங்குகிறவர்களில் பலர், அது பழுதாகும் நாளில்தான் உத்தரவாதத்தைப் பற்றி முதன்முதலாக யோசிக்கிறார்கள். பழுதான துப்பாக்கிகளைத் தொழிற்சாலைக்கு அனுப்பிப் பெறும் வேலையைக் கடையில் நெடுங்காலமாகச் செய்துவருவதால், புதிதாக வாங்குவோர் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழலில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொள்வதும், வரிசை எண் சுரண்டப்பட்ட துப்பாக்கியைத் தொடாமல் விலகுவதும் எவரும் அறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

உத்தரவாதம் தானாகக் கைமாறும் என்று நம்புவது

எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் தந்தே ஆக வேண்டும் என்று, நுகர்பொருள் உத்தரவாதங்களுக்கான அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமான 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் எந்த உற்பத்தியாளரையும் கட்டாயப்படுத்தவில்லை. தருவதாக இருந்தால் அது முழு உத்தரவாதமா, வரம்புக்குட்பட்ட உத்தரவாதமா என்று குறிப்பிட வேண்டும் என்பதே விதி. முழு உத்தரவாதத்தை, அதன் காலம் முடியும்வரை, முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்று சுருக்க முடியாது. வரம்புக்குட்பட்டதை அப்படிச் சுருக்கலாம். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் வாழ்நாள் சேவைத் திட்டம், 1989 பிப்ரவரி 1 முதல் விற்பனையான கைத்துப்பாக்கிகளை முதலில் வாங்கியவர்களுக்கு உரியது. ரூகர் நிறுவனமோ எழுத்தில் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஆனாலும் இரண்டாவது, மூன்றாவது உரிமையாளருக்கும் தாராளமாகப் பழுதுபார்த்துத் தருவதாகப் பெயர் பெற்றிருக்கிறது. அது நல்லெண்ணமே தவிர உரிமை அன்று என்பதால், அவர்களை அழைக்கும்போது சண்டை பிடிக்கும் தொனி உதவாது.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு நிறுவனம் திவாலாகும்போது அதன் சொத்துகள் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்குகிறவர், பெயரையும் வரைபடங்களையும் இயந்திரங்களையும் எடுத்துக்கொண்டு, பழைய நிறுவனம் கொடுத்திருந்த வாக்குறுதிகளைச் சட்டப்படியே ஏற்காமல் விட்டுவிட முடியும். குழலின் மேல் அதே பெயர்தான் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்தப் பெயருக்காகப் பதில் சொல்லும் கடமை வேறு யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்காது.

துப்பாக்கிக் கண்காட்சி ஒன்றில், நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள் வாங்கிய இளைஞர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். பழம்பெரும் பெயர், அந்தப் பெயரை வேறொரு நிறுவனம் வாங்கியிருந்த காலம். “கம்பெனி இப்போது பெரிய இடத்துக்குப் போய்விட்டது, எந்தப் பழுது வந்தாலும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று சொல்லி, ஏறக்குறையப் புதியதன் விலைக்கே விற்றிருந்தார் அந்த வியாபாரி. தோட்டா அறைக்குள் ஏறாமல் சிக்கிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர் சேவையை அழைத்தபோது, மறுமுனையில் இருந்த பெண்மணி வரிசை எண்ணைக் கேட்டுக்கொண்டு, அது தங்கள் தயாரிப்பு இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். இளைஞர் அவர்மீது கோபப்பட்டார். அந்தப் பெண்மணியின் தவறு அதில் எதுவுமே இல்லை. தனியார் பழுதுபார்ப்பவரிடம் அந்த இளைஞர் கொடுத்த கூலியைச் சேர்த்தால், புதிய ரைஃபிளையே வாங்கியிருக்கலாம். தெரிந்தே இப்படிச் சொல்லி விற்கிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு மார்லின் நிறுவனத்தின் வரலாறே நல்ல விளக்கம். 1870இல் கனெக்டிகட்டில் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2007இல் ரெமிங்டன் வாங்க முன்வந்தது. 2011இல் நார்த் ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டு, உற்பத்தி நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்கு மாறியது. அந்த இடமாற்றத்துக்குப் பின் வந்த ரைஃபிள்களைப் பற்றிக் குறைகள் பெருகி, ‘ரெம்லின்’ என்ற பட்டப்பெயரே ஏற்பட்டது. 2020இல் ரெமிங்டன் மீண்டும் திவாலானபோது மார்லினை ரூகர் வாங்கி, 2021 இறுதியிலிருந்து வட கரோலினாவின் மயோடனில் தயாரித்து அனுப்புகிறது. ஆக, ஒரே பெயரில் மூன்று தயாரிப்பாளர்கள். ரூகர் தயாரித்தவற்றின் வரிசை எண் ‘ஆர்எம்’ என்று தொடங்கும். ரெமிங்டன் காலத்தவை ‘எம்ஆர்’ என்று தொடங்கும். இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருப்பதைக் கவனிக்கத் தவறியதால் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தான் தயாரித்த மார்லின்களுக்கு மட்டுமே ரூகர் பொறுப்பேற்கிறது. அதற்கு முந்தையதை வாங்க விரும்புகிறவர், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ரசீதைக் கேட்காமல் விடுவது

விற்பவரிடம் அவருடைய பழைய ரசீது இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

குறைபாட்டு அறிவிப்பு வீடு தேடி வரும் என்று காத்திருப்பது

அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரம் துப்பாக்கிகளுக்குச் செல்லாது. 1972ஆம் ஆண்டுச் சட்டமே அவற்றுக்கு விலக்கு அளித்திருக்கிறது. அதனால் குறைபாடுள்ள துப்பாக்கிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது உற்பத்தியாளர் தாமாக முன்வந்து செய்யும் காரியமாகவே இருக்கிறது. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற டிரிக்கர் விசையுடன் வந்த ரெமிங்டன் 700, மாடல் ஏழு ரைஃபிள்களை அந்நிறுவனம் 2014இல் திரும்ப அழைத்தது. சிக் சாவர் 2017 ஆகஸ்டில் பி320 கைத்துப்பாக்கிக்கு இலவச மேம்பாட்டை அறிவித்தது. இரண்டாவது கையாக வாங்கியவரின் முகவரி உற்பத்தியாளரிடம் இருக்க வழியில்லை. ஆகவே வாங்கிய அன்றே, முதல் தோட்டாவைச் சுடுவதற்கு முன்பாகவே, வரிசை எண்ணைச் சொல்லி விசாரித்துவிட வேண்டும். உத்தரவாதம் முடிந்த துப்பாக்கிக்கும் இத்தகைய பாதுகாப்புப் பழுதுபார்ப்பு கிடைக்கக்கூடும் என்பதால், கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

மாற்றிய பாகங்களோடு அனுப்புவது

தொழிற்சாலை துப்பாக்கியைத் தன் மூல அளவுகளுக்கே மாற்றிவிடும்; முந்தைய உரிமையாளர் போட்ட விலையுயர்ந்த விசை திரும்பி வரும் என்று நம்ப வேண்டாம்.

அழைக்காமல் பெட்டி கட்டுவது

உரிமம் பெற்ற உற்பத்தியாளருக்குப் பழுதுபார்க்க அனுப்புவதையும், அவர் அதை அனுப்பியவருக்கே நேரடியாகத் திருப்பித் தருவதையும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. கூரியர் நிறுவனங்களின் விதிகளோ சட்டத்தைவிடக் கடுமையானவை. முதலில் அழைத்து, அனுமதி எண்ணையும் உற்பத்தியாளரே தரும் அனுப்புச் சீட்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். தோட்டாக்களைப் பெட்டியில் வைக்கக் கூடாது.

பழைய ரூகர் ரிவால்வரை யோசிக்காமல் அனுப்புவது

1973க்கு முன் தயாரான, சுத்தியலை ஒவ்வொரு முறையும் கையால் பின்னிழுத்துச் சுடும் ரூகர் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில், சுத்தியலுக்கு நேரே தோட்டா இருந்தால், கீழே விழும்போது வெடிக்கும் அபாயம் உண்டு. அதைத் தவிர்க்கும் பாதுகாப்புப் பாகத்தை ரூகர் இலவசமாகப் பொருத்தித் தருகிறது. வேறு பழுதுக்கு அனுப்பினாலும் அந்த மாற்றத்தோடுதான் திரும்பும் என்று எண்ணியே அனுப்ப வேண்டும். சுடுவதற்காக வைத்திருப்பவர் தயங்காமல் அனுப்பலாம் என்பது என் கருத்து. சேகரிப்பாளர்கள் மாற்றப்படாத ரிவால்வருக்கே அதிக விலை தருவார்கள் என்பதால், சேகரிப்புக்காக வைத்திருப்பவர் உள்ளூரிலேயே பழுதுபார்த்துக்கொள்ளட்டும். கழற்றிய மூலப் பாகங்களை ரூகர் ரிவால்வரோடு திருப்பி அனுப்புகிறது. ஆகவே மாற்றப்பட்ட ஒன்றை வாங்குகிறவர் அந்தப் பாகங்களையும் விற்பவரிடம் கேட்க வேண்டும். அவை தொலைந்துவிட்டன என்றால் விலையைக் குறைத்துப் பேச வேண்டும்.