கடைசல் போட்டிக்குப் புதியவர்களும் வர வேண்டுமென்றால்

நான் நடத்தும் மரக் கடைசல் போட்டிக்கு முதல் வருடம் 11 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் 4 பேர். அந்த நாலு பேரும் முதல் வருடம் பரிசு வாங்கியவர்கள். அவர்களைப் பார்த்ததும்தான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது.

காரைக்குடிக்குப் பக்கத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பழைய சாமான்களைப் பழுது பார்ப்பது வேலை. கட்டிலின் மூன்று கால் நன்றாக இருக்கும், நாலாவது உடைந்திருக்கும். மூன்றையும் பார்த்து நாலாவதைக் கடைந்து கொடுப்பேன். அது பிழைப்பு. நான் நடத்தும் போட்டி பிழைப்புக்காகக் கடைபவர்களுக்கு இல்லை. மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் சின்ன லேத் இயந்திரம் ஒன்றை வாங்கி, வீட்டுப் பின்கட்டில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை சீவல் பறக்க விடுகிறவர்களுக்கு. அதில் பேங்க்காரர் உண்டு, வாத்தியார் உண்டு, அறுபதுக்கு மேல் கற்றுக்கொண்ட ஓர் ஆச்சியும் உண்டு.

முதல் வருடம் மொபைல் கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் வேப்ப மரத்தில் கிண்ணம் கொண்டுவந்தான். விளிம்பு கட்டைவிரல் கனம், உள்ளே நார் பிய்ந்து சொரசொரவென்று இருந்தது. அதை, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லியதாகக் கடைந்த ஒருவருடைய கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நடுவரும் நான்தான். எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு நகர்ந்தேன். சாப்பாட்டுக்கு முன்னாலேயே கிண்ணத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அவன் பஸ் ஏறிவிட்டான். கிண்ணம் மோசமில்லை. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனதுதான் மோசம்.

அதனால், நீங்களும் இப்படிப் போட்டி நடத்துவதாக இருந்தால், முதலில் சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் பதியும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். அதில் ஒரே கேள்வி: “இதில் உங்களுக்கு எது சரியாக வரவில்லை?” நடுவர் மார்க் போடுகிறாரோ இல்லையோ, அவர்கள் அதில் எழுதியதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். இந்த யோசனை ஆச்சி கொடுத்தது. “தம்பி, எனக்குப் பரிசெல்லாம் வேணாம். இந்த அடிப்பாகத்தை எப்படி வழவழன்னு ஆக்குறது, அதைச் சொல்லுங்க போதும்” என்றார்கள். லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் கடித்த தடம் கிண்ணத்தின் அடியில் அப்படியே இருந்தது. கழிவுக் கட்டையில் பள்ளம் கடைந்து, கிண்ணத்தை அதில் கவிழ்த்து இறுக்கி, லேத்தின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் டெயில்ஸ்டாக் முனையால் தாங்கிக்கொண்டு அடியைச் சீவ வேண்டும், நடுவில் மிஞ்சும் குமிழைக் கடைசியில் கையால் வெட்டி எடுக்க வேண்டும் என்று செய்தே காட்டினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சுற்றி நின்ற ஆறு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். அன்று கொடுத்த கோப்பை இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்கு நினைவில்லை.

பிரிவுகளை வயதை வைத்தோ, லேத் வாங்கி எத்தனை வருடம் என்று கேட்டோ பிரிக்காதீர்கள். ஐந்து வருடம் முன்னால் வாங்கி, மூடி போட்டு வைத்திருப்பவர் நிறையப் பேர். இதுவரை எத்தனை உருப்படி முடித்தீர்கள் என்று கேளுங்கள். 10-க்குள் என்றால் முதல் பிரிவு. அதற்கு மேல் இரண்டாவது. முதல் பிரிவில் ஒருமுறை முதல் பரிசு வாங்கியவர் அடுத்த தடவை மேல் பிரிவுக்குப் போய்விட வேண்டும். இது கறாராக இருக்கட்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரர் ஒருவர் கீழேயே உட்கார்ந்து வருடா வருடம் பரிசை அள்ளிக்கொண்டு போவார். குலத்தொழிலாகக் கடையும் ஆசாரியைப் போட்டியில் நிறுத்தவே வேண்டாம். நாற்காலி போட்டு, நடுவராக உட்கார வையுங்கள். அவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள்: “சுமார்” என்ற சொல்லை இன்றைக்கு ஒருநாள் மறந்துவிட வேண்டும்.

முதல் பிரிவுக்கு எல்லோருக்கும் ஒரே கட்டையை நீங்களே கொடுங்கள். 2 இஞ்ச் சதுரம், 6 இஞ்ச் நீளம். பூவரசு நல்லது. வெட்பாலை கிடைத்தால் இன்னும் நல்லது, உளிக்கு வெண்ணெய் மாதிரி. கர்நாடகத்துச் சென்னபட்டணா மரப் பொம்மைகளுக்குப் பயன்படுகிற மரம் அதுதான். இங்கே எல்லோருக்கும் பர்மா தேக்கு மேல் ஆசை, இடித்த வீட்டுத் துண்டுகளும் கிடைக்கும். ஆனால் தேக்கில் மணற்சத்து இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், புதியவருக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிடும். பழைய துண்டுக்குள் ஆணி ஒடிந்து கிடக்கவும் வாய்ப்புண்டு. யாராவது கொண்டுவந்தால் லேத்தில் மாட்டுவதற்கு முன் காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள்.

கடையச் சொல்ல வேண்டியது என்ன? என் பதில் பம்பரம். கிண்ணத்தை ஆளுக்கு ஒரு விதமாக மதிப்பிடலாம். பம்பரத்தில் அந்தத் தகராறு இல்லை. சாட்டையைச் சுற்றி விட்டால் கடிகாரம் தீர்ப்புச் சொல்லிவிடும். கனம் எங்கே இருக்க வேண்டும், ஆணி நடுவில் இறங்கியிருக்கிறதா, ஒரு பக்கம் கூடுதலாகச் சீவிவிட்டோமா, எல்லாம் சுற்றும்போதே தெரிந்துவிடும். மூன்றாம் வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையனின் பம்பரம் அவனுடைய சித்தப்பாவின் பம்பரத்தைவிட அதிக நேரம் நின்று சுற்றியது. சித்தப்பாதான் அவனுக்கு லேத் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், முதலில் கைதட்டியவரும் அவரே. ஒரு எச்சரிக்கை: ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் விடாதீர்கள். ஆணி கல்லைக் கொத்திவிடும், வீட்டுக்கார ஆச்சியிடம் நான் வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. பழைய சிமென்ட் பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் விடுங்கள்.

இரண்டாவது பிரிவில் கிண்ணம், மத்து, மூடி வைத்த செப்பு என்று அவரவர் விருப்பம். விட்டம் 6 இஞ்சுக்கு மேல் போகக் கூடாது என்று மட்டும் வரம்பு வையுங்கள். பெரிய லேத் வைத்திருப்பவருக்கும் மேசைமேல் வைக்கும் சின்ன லேத்காரருக்கும் அப்போதுதான் ஓரளவு சமம்.

மார்க் போடும்போது பெயர் தெரியக் கூடாது, எண் மட்டும். உருப்படியைக் கவிழ்த்துப் பாருங்கள், கண்ணை மூடி விரலால் உள்ளே தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத உளித்தடம் விரலுக்குத் தெரியும். இரண்டாவது பிரிவில் வடிவத்துக்கும் உப்புத்தாள் வேலைக்கும் மட்டும் மார்க். சுவர் எவ்வளவு மெல்லியது என்பதற்கு அங்கே மார்க் கிடையாது. மெல்லியதாக்கப் போய்த்தான் அடியைத் துளைத்துக்கொள்கிறார்கள். பச்சை மரம் வெடித்ததற்கும் குறைக்க வேண்டாம். பதிலாக, சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு முதலில் கடைந்து, சீவலோடு சாக்குப் பையில் சில மாதம் போட்டு வைத்து, காய்ந்த பிறகு மறுபடி கடையலாம் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

ஒரு மூலையில் தோற்றதற்கென்று தனி மேசை போடுங்கள். முதலில் உங்களுடையது. நான் வைத்தது அடி ஓட்டையான வாகைக் கிண்ணம், எண்ணெய் ஊற்றும் புனல் போல இருக்கும். அதைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் ஒவ்வொருவரும் பைக்குள்ளிருந்து தங்களுடையதை வெளியே எடுக்கிறார்கள்.

அங்கேயே கடைந்து காட்டுவதாக இருந்தால், ஆடை விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கையுறை எதுவும் லேத் அருகில் வரக் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டினாலும் நான் விடமாட்டேன், பேன்ட் போட்டு வரச் சொல்லிவிடுவேன். முகத்துக்குக் கவசம் கட்டாயம். வேகத்துக்கு எளிய கணக்கு: விட்டத்தை இஞ்சில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000-லிருந்து 9000-க்குள் இருக்க வேண்டும். 6 இஞ்ச் கிண்ணத்துக்கு 1000 முதல் 1500 சுற்று. கட்டை உருண்டையாகும் வரை அதைவிடக் குறைவாகவே ஓட விடுங்கள். புதியவர் பக்கத்தில் ஸ்விட்சுக்குக் கை எட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

நாள் விஷயத்தில், பொங்கல் முடிந்த பிறகு தை மாதத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதி, மூடி செப்பில் இறங்காது. முகூர்த்த ஞாயிறு என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள், வேண்டுமானால் ஆளுக்கு ஒரு கட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசியில் அத்தனை கட்டையையும் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். பரிசு, நல்ல கவுஜ் (குழிவான வாய் உள்ள) உளி ஒன்றாக இருக்கட்டும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். எண் சீட்டைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். தேன்மெழுகு பூசிய மரத்தில் அது நிற்காது, அரக்கு பூசியதில் பிய்க்கும்போது பாலிஷோடு வரும். நூலில் கட்டுங்கள். அந்த மொபைல் கடைப் பையன் மறுபடி வந்தபோது கட்டின நூலை அவிழ்க்காமலேயே தன் பம்பரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.