பூச்சிக் குளிசை ஒருவருக்கு மட்டும் போதாது

இரவில் பிள்ளை பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு நித்திரையில்லாமல் புரண்டால் பெரும்பாலும் கீரைப்பூச்சிதான். பெண் பூச்சி இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். சொறியும்போது அந்த முட்டை நகத்தில் ஏறி வாய்க்கும் பாய்க்கும் போய்ச் சேரும். அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் குளிசை போட வேண்டும். 2 வயதுக்கு மேல் வழக்கமான அளவு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரு தடவை. மருந்து முட்டைகளை முழுதாக அழிக்காது என்பதால் 2 வாரம் கழித்து இன்னொரு முறை. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலையே குளிக்க வார்த்து, நகம் வெட்டி, படுக்கை விரிப்பைச் சுடுநீரில் துவையுங்கள்.

தூக்கத்தில் பல்லைக் கடித்தால் பூச்சி என்பதும், இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்பதும் வெறும் பேச்சு.

கொக்கிப்புழு வேறு ரகம். மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் தோட்டம், சேனை என்று வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு மண்ணிலிருந்து தோல் வழியாகவே ஏறும். பின்பக்க அரிப்பெல்லாம் இராது. இரத்தத்தைக் குடித்து, களைப்பும் வெளிறலும்தான் காட்டும். அப்படியென்றால் இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள், இரும்புச்சத்துக் குளிசையும் தேவைப்படலாம்.

கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் 3 மாதத்தில், தாங்களாக எதையும் போடக் கூடாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் வைத்தியரைக் கேட்டே கொடுங்கள். வயிறு ஊதி, கடும் வலியோடு வாந்தியும் வந்தால் குளிசை தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.